அளவுக்கு வரைந்த ஆள்

அந்த வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. அது குறையல்ல, ஒரு கருத்து என்பது அரிய இல்லங்கள் பேராயத்தின் முடிவு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி ஒரு நாள் காலையில், கையில் தேநீர்க் கோப்பையுடன், அந்தக் கருத்தின் மேலேயிருந்து உருண்டு கீழே வந்து சேர்ந்தார். முழங்கால் மூட்டு பெயர்ந்தது. கட்டுப் போட்ட டாக்டர், “இனிமே படி ஏறவே கூடாதும்மா” என்றார்.

“நான் எங்க டாக்டர் ஏறினேன், எறங்கத்தான் செஞ்சேன்” என்றார் அந்த அம்மாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். யாருக்கும் பதில் பாக்கி வைத்துப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. தங்கை பார்த்துவைத்த ஒரு வாடகை வீட்டுக்கு நேராகப் போய்விட்டார். தரைத்தளம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. எல்லாம் ஒரே மட்டத்தில், வாயை மூடிக்கொண்டு ஒழுங்காகக் கிடந்தன. அங்கிருந்து போன் செய்தார்.

“என்னங்க, அந்த வாசலை நான் இனி மிதிக்கறதா இல்லை. அதை வித்துத் தலைமுழுகிட்டு இங்க வந்துடுங்க. நீங்க வர்ற வரைக்கும் சோறு எனக்கு எறங்காது. ஆனா அதுக்காகப் பட்டினி கிடப்பேன்னு நெனைச்சுக்காதீங்க, சாப்பிட்டுட்டுதான் இருப்பேன்.”

“இதோ, வித்த கையோட வந்துடறேன்” என்றார் கடைக்காரர்.

வீட்டைக் கட்டியது கடைக்காரரின் சித்தப்பா. கட்டியது என்றால், காசு கொடுத்தது. வரைந்தது அந்தக் காலத்தில் பேர்போன ஒரு கட்டடக்கலைஞர். அவர் இறந்த பிறகு பேராயம் அவருக்கு மேதை என்று பட்டம் கொடுத்தது. உயிரோடு இருந்தபோது வீட்டுக்காரர்கள் அவர்மேல் போட்டிருந்த வழக்குகளைப் பெருந்தன்மையாக மறந்துவிட்டது. சித்தப்பா ஒரே ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் இருந்து பார்த்தார். பிறகு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, நிம்மதியாக அங்கேயே காலமானார். பிள்ளை குட்டி இல்லாததால் வீடு அண்ணன் மகன் தலையில் விழுந்தது.

பூச்சு இல்லாத சிமெண்ட் கட்டடம். தெருவில் அதற்குப் பெயர் தண்ணித்தொட்டி. எந்த இரண்டு சுவரும் நேராகச் சந்திக்காது என்பதால் பீரோ எந்த மூலையில் வைத்தாலும் அப்போதுதான் எழுந்து கிளம்பப் போகிற விருந்தாளிபோல நின்றது. உள்ளே எந்த அறைக்கும் கதவு கிடையாது. ஜன்னல்கள் கணுக்கால் உயரத்தில் இருந்தன. வாசலில் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் குப்புறப் படுக்க வேண்டும். மாடிப்படிக்கு நேர் மேலே கூரையில் நீளமாக ஒரு கீறல். வெளிச்சம் வருவதற்காக மேதை விட்டது. மழை அதை அழைப்பாக எடுத்துக்கொண்டது. கீழே கடைக்காரர் ஒரு சிவப்பு வாளி வைத்திருந்தார். வாளி வைக்கலாம், ஆனால் சிமெண்ட் நிறத்தில்தான் வைக்க வேண்டும் என்று பேராயம் கறாராகச் சொல்லிவிட்டதால் வாளியையும் மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எல்லோரும் அது இருப்பது தெரியாமல் இடறினார்கள்.

இந்த மாதிரி வீடுகளைச் சாதாரணத் தரகர் விற்க முடியாது. பேராயம்தான் விற்க வேண்டும். பூட்டிவிட்டும் போக முடியாது. ஆள் படுக்காமல் ஓர் இரவு கழிந்தாலும் வீட்டைக் கைவிட்டதாக வழக்கு. கடைக்காரர் கடையைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டுப் பேராயத் தலைவரைப் பார்க்கப் போனார். தலைவர் பக்கத்தில் கழுத்தில் அளவு நாடா தொங்க சர்வேயர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டை விக்கணும்” என்றார் கடைக்காரர்.

தலைவர் வலி வந்ததுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அந்தச் சொல்லை இங்க சொல்றதில்லைங்க” என்று சர்வேயர் அம்மாள் மெல்லச் சொன்னார். “காவல் மாற்றம்னு சொல்லணும்.”

“சரிம்மா. காவலை மாத்தணும்.”

“என்ன காரணம்?” என்றார் தலைவர்.

“என் சம்சாரம் படியிலேர்ந்து விழுந்துட்டா.”

தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முகத்தில் உண்மையான பதற்றம்.

“படிக்கு ஒண்ணும் ஆகலையே?”

பேராயத்துக்கு வழவழப்பான தாளில் ஓர் இதழ் உண்டு. காவல் மாற்றத்துக்கு வரும் வீடுகளை அதில்தான் அறிவிப்பார்கள். விலை போடமாட்டார்கள், விலை கேட்பவருக்கு வாங்கும் தகுதி இல்லை என்பது கொள்கை. அடுத்த இதழ் கடைக்காரருக்குத் தபாலில் வந்தது. புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். ‘வெளிச்சம் தயங்கித் தயங்கி நுழையும் கூடம். தன்னை ஒளித்துக்கொள்ளும் சமையலறை. மழையுடன் இடையறாத உரையாடல். ஏறுபவரைச் சிந்திக்க வைக்கும் படிகள்.’ படித்ததும் மனைவிக்குப் போன் செய்தார்.

“ஏம்மா, நல்ல வீடு ஒண்ணு விலைக்கு வருது. நாம இருக்கற தெருவிலேயே.”

“யாரு வீடுங்க?”

கடைக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். “நம்ம வீடு.”

“அறிவிப்பைப் படிச்சுட்டு நீங்களே வாங்கிடாதீங்க” என்றார் மனைவி.

வாங்கவும் ஒருவர் வந்தார். இப்படிப்பட்ட வீடுகளைச் சேகரிப்பதுதான் அவருக்குத் தொழில், பொழுதுபோக்கு, பக்தி எல்லாம். எதிலும் குடியிருந்ததில்லை. ஆள் படுக்கும் விதியிலிருந்து சேகரிப்பவர்களுக்கு விலக்கு உண்டு. மெத்தையும் வெந்நீரும் இருக்கிற பெரிய ஓட்டல் ஒன்றில் நிரந்தரமாகத் தங்கியிருந்தார். வீட்டைச் சுற்றி வந்து, கீறலுக்குக் கீழே நின்று தலையில் இரண்டு சொட்டு வாங்கிக்கொண்டு, கண் கலங்கினார். எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. மேதை வரைந்தபடியே வீடு முழுசாக இருக்கிறது என்று பேராயம் சான்று தர வேண்டும். முழுசாக இல்லாத வீடு அவருக்கு வேண்டாம்.

சான்றுக்காகத் தலைவரும் சர்வேயர் அம்மாளும் மேதையின் அசல் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் மாடிக்கு ஏற, வழிவிடுவதற்காகக் கடைக்காரர் படி திரும்பும் இடத்திலிருந்த சின்னத் திட்டில் ஒதுங்கி நின்றார். காலையிலிருந்து இடுப்பு வலி. இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். மழை வருமா என்று கீறலை அண்ணாந்து பார்த்தார்.

சர்வேயர் அம்மாள் வரைபடத்தைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

“ஐயா,” என்று தலைவரைக் கூப்பிட்டார், “இதைக் கொஞ்சம் பாருங்க.”

வரைபடத்தில், படித் திட்டின்மேல், ஓர் ஆள் வரையப்பட்டிருந்தான். இடது கை இடுப்பில். தலை அண்ணாந்து கீறலை நோக்கி. சர்வேயர் அம்மாள் நாடாவை உருவி, கடைக்காரரை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்தார். ஒரு நூல் பிசகவில்லை.

“சார், அது அளவு தெரியறதுக்குப் போடற ஆள்தானே?” என்றார் கடைக்காரர். “எங்க கடைக்குப் படம் போட்டுக் குடுத்த மேஸ்திரிகூட வாசல்ல ஒருத்தனை வரைஞ்சிருந்தாரு. வாசல் எவ்வளவு பெருசுன்னு தெரியணுமாம்.”

தலைவர் புன்னகைத்தார். அறியாமையை அவர் வெறுப்பதில்லை. அது இல்லாவிட்டால் பேசுவதற்கு அவருக்கு வாய்ப்பே கிடைக்காது.

“மேஸ்திரி போடற ஆள் வேற. மேதை போடற ஆள் வேற. மேதை காரணம் இல்லாம ஒரு கோடு இழுக்க மாட்டார். இந்த வீட்டுல கதவு ஏன் இல்லை? காரணம் இருக்கு. நமக்குத் தெரியாது, ஆனா இருக்கு. அது மாதிரி இந்த ஆளும் இருக்கான். இவ்வளவு காலமா இந்த வீட்டுல ஏதோ ஒரு குறை இருக்கேன்னு எனக்குள்ள ஒரு தவிப்பு. சிலர் அது கைப்பிடின்னாங்க. சிலர் கதவுன்னாங்க. ஒழுகுதுன்னுகூட ஒருத்தர் எழுதினார். இப்பதான் தெரியுது, குறைஞ்சது இந்த ஆள்.”

“அப்ப சான்று?”

“நீங்க நின்னா வீடு முழுசு. சான்று தரலாம். நீங்க எறங்கிட்டா வீடு பின்னம். தர முடியாது.”

கடைக்காரர் யோசித்தார். சான்று வராவிட்டால் விற்பனை இல்லை. விற்காவிட்டால் மனைவியிடம் போக முடியாது. கொஞ்ச நேரம் நிற்பதில் என்ன வந்துவிடப் போகிறது?

“எதுவரைக்கும் நிக்கணும்?”

“ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்” என்றார் தலைவர்.

சம்பிரதாயத்துக்கு என்று ஆரம்பித்த எதுவும் அந்த அலுவலகத்தில் முடிந்ததாக வரலாறு இல்லை என்பது கடைக்காரருக்கு அப்போது தெரியாது.

சேகரிப்பாளர் திரும்ப வந்து பார்த்தார். கடைக்காரரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முழங்கையைச் சுண்டிப் பார்த்தார்.

“இது அசலா?”

“அசல்” என்றார் தலைவர். “இந்த வீட்டுக்குள்ளேயே கிடைச்சது. வெளியிலேர்ந்து கொண்டுவந்து வைக்கலை.”

“ஆனா படத்துல இருக்கறதுக்கு மூக்குக்கண்ணாடி இல்லையே.”

அது நியாயமான ஆட்சேபம். கடைக்காரரைச் சீரமைப்பது என்று முடிவாயிற்று. சர்வேயர் அம்மாள் ஆய்வு செய்து ஒவ்வொன்றாகச் சொல்ல, தலைவர் தீர்ப்பு சொன்னார். மூக்குக்கண்ணாடி, பிற்காலச் சேர்க்கை, அகற்றப்பட்டது. மீசை, அதுவும் பிற்காலச் சேர்க்கை, மழிக்கப்பட்டது. தலைமுடிக்குப் போட்டிருந்த சாயம், அசல் மேற்பரப்பை மறைக்கும் பூச்சு. மூன்று முறை அலசப்பட்டது. தொந்திக்கு வந்தபோது தலைவர் அதை இரண்டு பக்கத்திலிருந்தும் குனிந்து பார்த்தார்.

“அனுமதி வாங்காம பண்ணின விரிவாக்கம்” என்றார் கடைசியில். “எப்ப ஆரம்பிச்சது?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து சார். கொஞ்சம் கொஞ்சமா.”

“படிப்படியா இடிச்சுடலாம்” என்றார் தலைவர். மறுநாளிலிருந்து அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு நிறுத்தப்பட்டது.

வாய் விஷயமும் கிளம்பியது. வரைபடத்தில் இருந்த ஆளுக்கு முகம் வெறும் வட்டம். எனவே பேராயம் டிக்கெட் போட்டு உள்ளே விடும் பார்வையாளர்கள் வரும் நேரத்தில் பேசக்கூடாது. கடைக்காரர் கழிவறைக்குப் போகிறபோது திட்டின்மேல் ‘பராமரிப்புக்காக அகற்றப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு பலகை வைக்கப்பட்டது. ஒரு தடவை வயிறு சரியில்லாமல் பலகை அதிக நேரம் இருந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர், ஆள் இருந்ததைவிட இல்லாதது ஆழமாக இருந்தது என்று எழுதிப் பாராட்டினார்.

பத்திரம் எழுதும் நாள் வந்தது. கடைக்காரருக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிய வைத்தவர், பத்திரத்தை மூக்குக்கு அருகில் வைத்தும் ஒன்றும் தெரியாமல் திணறினார்.

“நான் படிக்கறேன்” என்று தலைவர் நல்ல குரலில் படித்தார். “வீடும், அதிலிருந்து பிரிக்க முடியாத உறுப்புகள் யாவும், புதிய காவலரிடம் ஒப்படைக்கப்படுகின்றன.”

“உறுப்புன்னா கதவு ஜன்னலா சார்?”

“கதவுதான் இல்லையே” என்றார் தலைவர்.

கடைக்காரர் தலைவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டிவைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அவ்வளவு நாளும் நின்ற கால்கள் நடப்பதற்கே கூச்சப்பட்டன.

“இது எங்க கிளம்பிடுச்சு?” என்றார் சேகரிப்பாளர் தலைவரிடம்.

அப்போதுதான் கடைக்காரருக்கு விளக்கம் கிடைத்தது. அவர் போய்விட்டால் வீடு பின்னமாகிவிடும். சான்று செல்லாது, விற்பனை ரத்து, வீடு மறுபடியும் அவர் பெயருக்கே வரும், ஆள் படுக்காத வீடு என்று வழக்கும் கூடவே வரும். இருந்துவிட்டால் விற்பனை செல்லும். ஆனால் அவர் இருந்துவிட்டிருப்பார். சரி, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டால்? பதிவு செய்யப்பட்ட உறுப்பைக் கடத்துவது திருட்டு என்றார் தலைவர். தன்னைத்தானே கடத்துவதற்குத் தண்டனை இரட்டிப்பு. ஏனென்றால் திருடனும் திருட்டுப் பொருளும் சேர்ந்தே தலைமறைவாகிறார்கள்.

கடைக்காரர் திட்டுக்குத் திரும்பினார். மேலே பார்த்தால் படி. கீழே பார்த்தால் படி. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அன்று பார்வையாளர்கள் போன பிறகு மனைவியிடமிருந்து போன் வந்தது.

“வித்தாச்சா?”

“வித்தாச்சு.”

“அப்பாடா. எப்ப வர்றீங்க?”

“அதுல ஒரு சின்னச் சிக்கல். என்னையும் சேர்த்து வித்தாச்சு.”



“உங்களுக்குன்னு தனியா விலை போட்டாங்களா?”

“இல்லை. வீட்டோட சேர்த்துதான்.”

“அதானே. தனியா வெச்சா எவன் எடுப்பான்.” உடனே அடுத்த கேள்வி. “சாப்பிட்டீங்களா?”

“ஒரு வேளைதான் தர்றாங்க. தொந்தியை இடிக்கறாங்களாம்.”

“அது நான் கட்டினதுங்க” என்றார் மனைவி. போன் வைக்கப்பட்டது.

அடுத்த பார்வை நாளில், இனி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன அந்த வாசலைக் கைத்தடியுடன் மிதித்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக அந்த அம்மாள் உள்ளே வந்தார். படியின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தார். மீசையில்லாமல், கண்ணாடியில்லாமல், நரைத்த தலையோடு, பாதி இடிக்கப்பட்ட தொந்தியோடு, தன்னோடு குப்பை கொட்டிய மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க.”

திட்டின்மேல் நின்ற ஆளின் இடுப்புக் கை ஒரு தடவை நழுவி மறுபடி ஊன்றிக்கொண்டது. முகம் திரும்பவில்லை.

“உறுப்புகளோட பேசக்கூடாதும்மா” என்றார் தலைவர்.

“அவரு என் வீட்டுக்காரருங்க.”

“வீட்டுக்காரர் மாறிட்டார். இப்ப இவர்தான்” என்று சேகரிப்பாளரைக் காட்டினார். சேகரிப்பாளர் கைகூப்பினார்.

“இந்த ஆள் எனக்கு வேண்டாம். என் ஆளைக் குடுங்க.”

தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். துக்க வீட்டில் பேசுகிற குரல் அது. “உங்க உணர்வு புரியுதும்மா. ஆனா நாட்டுக்குன்னு சில பொக்கிஷங்கள் இருக்கு. ஒரு பெரிய வீட்டுல ஒரு மனுஷன் எவ்வளவு சின்னவன்னு காட்டறதுக்காகவே மேதை இவரை வெச்சிருக்கார். எங்க பேராயம் வாழ்நாள் முழுக்கச் செய்யற வேலையும் அதேதான். அப்படிப்பட்டவரை உங்க சமையலறையில உட்கார வெச்சு வீணாக்கலாமா?”

அந்த அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டார். நிரம்பி வழியும் பஸ்ஸில் எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று பார்க்கிற கண்ணோடு ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை புருஷனின் கால்களில் வந்து நின்றது. பாதம் வீங்கி, செருப்பு வாருக்கு வெளியே பிதுங்கியிருந்தது.

“சர்வேயரம்மா, இவரைக் கடைசியா எப்ப அளந்தீங்க?”

“சான்றுக்காக வந்த அன்னைக்கு.”

“மறுபடி அளந்து பாருங்க. நின்னுட்டே இருந்தா மனுஷன் குறைவான். எங்க டிப்போவுல எனக்குக் குடுத்த சேலையெல்லாம் வருஷா வருஷம் தரையில தேய ஆரம்பிச்சுது.”

சர்வேயர் அம்மாள் படியேறி அளந்தார். முகம் மாறியது. “ஐயா, ஒரு விரல்கடை குறைஞ்சிருக்கு.”

தலைவர் அதிர்ந்துபோனார். ஆள் குறைந்தால் படி பெரிதாகத் தெரியும்; கூரை உயர்ந்ததாகத் தெரியும்; மேதை நினைத்ததைவிட வீடு பெரிய வீடாகிவிடும். அது பொய் சாட்சி. சேகரிப்பாளர் சான்றைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று அங்கேயே முணுமுணுத்தார்.

“படுக்க வெச்சா பழைய உயரத்துக்கு வந்துடுவாரு” என்றார் அந்த அம்மாள். “சிலையெல்லாம் ரிப்பேருக்கு வெளியில குடுக்கறீங்கல்ல. அது மாதிரி இவரை என்கிட்ட கொஞ்ச நாள் இரவல் குடுங்க.”

விதியில் இடம் இருந்தது. உறுப்பு இரவலாக வழங்கப்பட்டது. நேர் வெயிலில் வைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, கனமான பொருள்களை அதன்மேல் சாய்க்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். கடைசி நிபந்தனையைக் கேட்டு அந்த அம்மாள் தன் தோளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கடைக்காரரைப் பஞ்சுமெத்தையில் சுற்றி, பேராயத்தின் வேனில் கிடத்தி, நெற்றிக்கு நேராக ‘இந்தப் பக்கம் மேலே’ என்று ஒரு சீட்டு ஒட்டி அனுப்பினார்கள்.

வாடகை வீட்டில் மனைவி மெத்தையைப் பிரித்து, கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்க” என்றார்.

கடைக்காரர் உட்கார்ந்தார். முழங்கால் மடங்குகிற சத்தம் இருவருக்கும் கேட்டது. மனைவி அலமாரியிலிருந்து ஒரு பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து அவர் காதில் மாட்டினார். கடைக்காரர் அவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்ன பாக்கறீங்க?”

“வீங்கியிருக்கே, முழங்கால்.”

“உங்களுக்கு மட்டும் என்ன தாமரையா பூத்திருக்கு” என்று சொல்லிவிட்டு மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

சில நாள் நன்றாகப் போயிற்று. தொந்தி மெல்லத் தலையெடுத்தது. மீசை எட்டிப்பார்த்தது. ஒரே மட்டத்தில் இருந்த அந்த மூன்று அறைகளில் கடைக்காரர் எதற்கும் யோசிக்காமல் நடந்தார். இரவல் முடிந்ததும் என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வாசலில் வேன் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒரு நாள் வேன் நின்றே விட்டது. தலைவரும் சர்வேயர் அம்மாளும் இறங்கினார்கள். கூடவே ஒரு ஆள் துளை போடும் மெஷினோடு வந்து, கேட்காமல் கொள்ளாமல் வாசல் சுவரில் துளை போட ஆரம்பித்தான்.

“எங்க வீட்டுச் சுவத்துல என்ன பண்றீங்க?” என்றார் அந்த அம்மாள்.

“வாழ்த்துகள்” என்றார் தலைவர். “பதிவு பெற்ற உறுப்பு தங்கின இடமும் பதிவு பெற்ற இடம். இது இனி அரிய இல்லம். பலகை மாட்டறோம்.”

“இதுல என்னங்க அரிது? தீப்பெட்டி மாதிரி இருக்கு.”

“அதுதான். இவ்வளவு சாதாரணமா ஒரு வீட்டை இதுவரைக்கும் நாங்க பதிவு பண்ணினதே இல்லை.” தலைவரின் குரல் தழுதழுத்தது. “இனி இதுல ஒரு ஆணிகூட அசையாது. இந்த நாற்காலி, அந்தக் கொடிக்கயிறு, அடுப்பு மேல இருக்கற அந்தக் கரி, எல்லாம் இருக்கறபடியே இருக்கும். இப்ப சர்வேயரம்மா வரைபடம் எடுப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் அந்தச் சுவர் ஓரமா நில்லுங்க. அளவுக்கு.”

கடைக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார். மனைவியின் கை அவர் தோளில் விழுந்து அழுத்தியது.

“ஒண்ணு கேக்கணும் சார்” என்றார் அந்த அம்மாள். “படத்துல போட்டது போட்டதுதானா? பின்னாடி மாத்துவீங்களா?”

“மாத்தறதா?” தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். “நாங்க யாருன்னு நெனைச்சீங்க? ஒரு கோடு, ஒரு புள்ளி மாறாது. படத்துல இருக்கறதை அந்த இடத்துலேர்ந்து அசைக்க எனக்கே அதிகாரம் கிடையாது. மேதையே எழுந்து வந்தாலும் கிடையாது.”

“நல்லது.”

அந்த அம்மாள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் புருஷன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலை நீட்டி ஒரு முக்காலிமேல் வைத்தார். “இப்ப வரைங்க.”

“உட்கார்ந்திருக்கற ஆளை வெச்சு அளவு தெரியாதும்மா.”

“தெரியலைன்னா போகட்டும். வந்து பாக்கறவங்களும் உட்கார்ந்து பாக்கட்டும்.”

தலைவர் சர்வேயர் அம்மாளைப் பார்த்தார். சர்வேயர் அம்மாள் ஏற்கெனவே மேசைமேல் தாளை விரித்து வரையத் தொடங்கியிருந்தார். கூடத்தை வரைந்தார். கொடிக்கயிற்றை வரைந்தார். இரண்டு நாற்காலி, இரண்டு பேர், நீட்டிய கால், முக்காலி. தொந்தியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டார். மீசைக்கு இரண்டு கோடு. மூக்குக்கண்ணாடிக்கு இரண்டு வட்டம். மை தொட்டு எல்லாவற்றையும் தடிமனாக்கியபின் தாளைத் தலைவர் பக்கம் நகர்த்தினார். தலைவர் மகிழ்ச்சியோடு முத்திரை வைத்தார்.

முத்திரை விழுந்ததும் சர்வேயர் அம்மாள் கேட்டார். “ஐயா, அப்ப அந்த வீட்டுப் படியில யாரு நிப்பா?”

தலைவரின் கை முத்திரையோடு அந்தரத்தில் நின்றது. ஆளைப் படிக்குக் கொண்டுபோனால் இந்த வீடு பின்னம். கொண்டுபோகாவிட்டால் அந்த வீடு பின்னம். வாயைத் திறந்தார். விதியை உண்டாக்கினவர் அவரே என்பதால், திட்டுவதற்கு வேறு ஆளும் கிடைக்கவில்லை.

“சேகரிப்பாளர் நாளைக்குப் பார்வையாளர்களைக் கூட்டிட்டு வர்றார் ஐயா” என்று நினைவூட்டிய சர்வேயர் அம்மாள், கழுத்திலிருந்து நாடாவை உருவினார். “உங்க உயரம் என்ன?”

“ஏம்மா?” என்றார் தலைவர்.

சர்வேயர் அம்மாள் நாடாவின் ஒரு முனையை அவர் குதிகாலில் வைத்து, மறுமுனையை மெதுவாக உயர்த்தினார். தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. தலைவர் தன்னையறியாமல் கொஞ்சம் குனிந்தார். “நிமிந்து நில்லுங்க ஐயா” என்றார் சர்வேயர் அம்மாள். நிமிர்ந்தார். நாடா உச்சந்தலையில் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, சர்வேயர் அம்மாள் துளை போடுகிறவனிடம் வேன் கதவைத் திறக்கச் சொன்னார். பஞ்சுமெத்தை உள்ளேதான் இருந்தது.

வேன் போன சத்தம் அடங்கியதும் கூடத்தில் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. தொந்தி குலுங்கியது. மனைவி சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்த குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா?”

“தாகமா இருக்குங்க.”

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். முக்காலிமேல் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். வாசல் பலகையைப் பார்த்தார்.

“மை காயறதுக்குள்ள போய்க் குடிச்சுட்டு வந்துடு.”

மனைவி நாற்காலியில் இருந்தபடியே கழுத்தை நீட்டி, மேசைமேல் அவர்களுக்கென்று விட்டுப்போயிருந்த தாளை எட்டிப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தொட்டார். காய்ந்திருந்தது.